இந்தோனேசியாவின் மழைக்காடுகளுக்கு எரிமலைகள்தாம் காரணமா?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "இந்தோனேசியாவில் எரிமலைகளும் அதிகம், மழைக்காடுகளும் அதிகம். எரிமலைச் சாம்பல் மண்ணை வளமாக்குவதால்தான் அங்கே காடு அடர்ந்து வளர்கிறது என்று என்னுடைய குறிப்பேட்டில் இருக்கிறது. இது சரியா? எரிமலை வெடித்தால் காடு அழியத்தானே வேண்டும்? அழிந்த காடு திரும்பி வர எத்தனை ஆண்டு ஆகும்? இந்தியாவில் இப்படி ஓரிடம் உண்டா?" நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடிப்படையில் அவர் கேட்பது ஒன்றுதான். ஒரே நாட்டில் எரிமலையும் மழைக்காடும் சேர்ந்திருப்பது காரணமும் விளைவுமா, அல்லது வெவ்வேறு காரணங்களால் வந்த இரண்டு செய்திகள் ஒரே வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருக்கின்றனவா என்பதே அது. நான் மண்ணியல் படித்தவன். சுமத்ராவிலும் ஜாவாவிலும் தோட்டப்பயிர்களுக்காக மண் ஆய்வு செய்வதைத் தொழிலாகக் கொண்டிருந்தவன். ஆகவே மண்ணைப் பற்றிச் சொல்வதைத் துணிந்து சொல்கிறேன். தாவரங்களைப் பற்றிச் சொல்வது அத்துறை அறிஞர்கள் எழுதியதைப் படித்து அறிந்தது. எந்த மலை எப்போது வெடிக்கும் என்று கேட்டால் கையை விரித்துவிடுவேன்.

அந்தக் குறிப்பேட்டு வாக்கியத்தின் முன்பாதி, அதாவது எரிமலைச் சாம்பல் மண்ணை வளமாக்குகிறது என்பது, சில நிபந்தனைகளோடு சரி. "ஆகவே காடு அடர்ந்திருக்கிறது" என்ற பின்பாதி தவறு. இந்தோனேசியாவில் எரிமலை தந்த வளம் காட்டுக்குப் போகவில்லை, நெல்வயலுக்குப் போனது. எங்கே மண் வளமாக இருந்ததோ அங்கே மனிதர்கள் பெருகினார்கள், காடு குறைந்தது. எங்கே மண் ஏழையாக இருந்ததோ அங்கே காடு நெடுங்காலம் தப்பிப் பிழைத்தது.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். இந்தோ-ஆஸ்திரேலியப் புவித்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கி நகர்ந்து, சுமத்ராவுக்குத் தென்மேற்கேயும் ஜாவாவுக்குத் தெற்கேயும் உள்ள ஆழ்கடல் அகழியில் சாய்ந்து கீழே இறங்குகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது அந்தத் தட்டிலுள்ள கனிமங்களில் பிணைந்திருந்த நீர் வெளியேறி, மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அப்படி உருகிய பாறைக்குழம்புதான் எரிமலையாக மேலே வருகிறது. அதனால் எரிமலைகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கவில்லை. அகழிக்கு இணையான ஒரு வரிசையாக, சுமத்ராவின் மேற்கு விளிம்பில் தொடங்கி ஜாவா, பாலி, லோம்போக், சும்பாவா, புளோரஸ் வழியாகக் கிழக்கே ஓடுகின்றன. சுலவேசியின் வட முனையிலும் ஹல்மஹேராவிலும் தனிக் கிளைகள் உண்டு. பாண்டுங் நகரில் இயங்கும் அரசு எரிமலையியல் மையம் 127 எரிமலைகளை உயிர்ப்புள்ளவையாகக் கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் அகழியிலிருந்து வெகுதூரம் உள்ளே, பழைய கண்டத் துண்டின் மேல் அமர்ந்திருக்கும் போர்னியோவில் உயிர்ப்புள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. இந்தோனேசியாவின் பெருங்காடுகளில் இரண்டு, போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும், கிழக்குக் கோடியில் உள்ள பாப்புவாவிலும்தாம் இருக்கின்றன. இரண்டிலும் உயிர்ப்புள்ள எரிமலை இல்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கச் சான்று மட்டும் எதையும் நிறுவாது. சும்பாவா, புளோரஸ் முதலான தீவுகளில் எரிமலைகள் நெருக்கமாக இருக்கின்றன. மூன்று ஏரிகள் மூன்று நிறத்தில் தெரியும் கெலிமுத்து புளோரஸில்தான் இருக்கிறது. இருந்தும் அத்தீவுகளின் தாழ்நிலங்களில் பெரும்பாலும் புல்வெளியும் இலையுதிர் காடுமே காணக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் வறண்ட தென்கிழக்குக் காற்று அங்கே ஆண்டில் பல மாதங்களை மழையில்லாமல் ஆக்கிவிடுகிறது. ஜாவாவின் கிழக்கு முனையில் உள்ள பாலுரான் தேசியப் பூங்காவில் அணைந்துபோன ஓர் எரிமலையின் அடிவாரத்திலேயே, ஆப்பிரிக்காவோ என்று எண்ண வைக்கும் வெட்டவெளி இருக்கிறது. மழை இருந்து எரிமலை இல்லாத போர்னியோவில் காடு. எரிமலை இருந்து ஆண்டு முழுவதும் மழை இல்லாத தீவுகளில் புல். மழைக்காட்டுக்குக் காரணம் பெயரிலேயே இருக்கும் மழைதான்: வெதுவெதுப்பான கடல், நிலநடுக்கோட்டின் அருகாமை, நீண்ட வறட்சி இல்லாமை. எரிமலை இதில் செய்யும் ஒரே நேரடி உதவி, ஒரு மலையாக உயர்ந்து நின்று ஈரக்காற்றை மேலே தள்ளுவது. சாலக் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கும் போகோர் நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறுவதற்கு அந்த மலை நிற்கும் இடம் ஒரு முக்கியக் காரணம். அதை எந்த மலையும் செய்யும். எரிமலையாக இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஏழை மண்ணில் அவ்வளவு பெரிய காடு எப்படி நிற்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். கலிமந்தானின் தாழ்நிலக் காட்டில் மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டினாலே விடை தெரியும். மேலே இரண்டு விரல் உயரத்துக்குச் சருகு. அதற்குள்ளும் அதன் அடியிலும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் நுண்வேர்கள். அதற்குக் கீழே உடனே மஞ்சள் நிறக் களிமண். அந்தக் களிமண்ணைச் சோதித்தால் கடும் அமிலத்தன்மையும், பயிர்வேரை முடக்கும் அளவுக்கு அலுமினியமும் இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகக் குறைவாக இருக்கும். நெடுங்கால மழை அவற்றைக் கழுவிக் கொண்டுபோய்விட்டது. அக்காட்டின் செல்வம் மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. விழுந்த இலை மக்கி அதன் சத்து மண்ணுக்குள் இறங்குவதற்கு முன்பே வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகள் அதைப் பறித்து மீண்டும் மரத்துக்கே கொடுத்துவிடுகின்றன. நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த டிப்டெரோகார்ப் மரங்கள் இந்தக் கூட்டுறவில் கைதேர்ந்தவை. போர்னியோவின் தாழ்நிலக் காட்டில் வானளாவி நிற்பவை பெரும்பாலும் அவையே. அதே தீவில் மலேசியாவுக்கு உட்பட்ட லாம்பிர் மலைப்பகுதியில் 52 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மர இனங்கள் பதிவாகியுள்ளன. இதைவிட ஏழையான கெராங்காஸ் என்ற காட்டுவகையும் அங்கே உண்டு. கடற்கரையில் கிடப்பது போன்ற வெண்மணல், அதன்மேல் மெலிந்த மரங்கள், பூச்சிகளைப் பிடித்துத் தழைச்சத்தை (நைட்ரஜனை) தேடிக்கொள்ளும் குடுவைச் செடிகள், வடிகட்டிய தேநீரின் நிறத்தில் ஓடும் ஓடை.

இனி ஜாவாவின் மண். மேற்கு ஜாவாவில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் மண்ணின் குறுக்குவெட்டு நன்றாகத் தெரியும். மேலே ஒரு கரிய அடுக்கு, அதன் கீழே பழுப்பு, இடையிடையே பழைய வெடிப்புகளின் நுரைக்கல் துகள்கள் வரிவரியாக. அந்தக் கரிய மண்ணை எடுத்தால் கையில் கனமே இருக்காது. விரல்களுக்கிடையே வைத்து அழுத்தித் தேய்த்தால், உலர்ந்ததாகத் தோன்றிய மண்ணிலிருந்து சட்டென்று ஈரம் கசிந்து வழுக்கும். மண்ணியலில் இதை ஆண்டிசால் வகை என்போம். எரிமலைச் சாம்பலில் பெரும்பகுதி, படிகமாக நேரம் கிடைக்காமல் சட்டென்று குளிர்ந்த கண்ணாடித் துகள். அது மற்றப் பாறைகளைவிட வெகுவேகமாகச் சிதைந்து சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், சாம்பல் சத்து (பொட்டாசியம்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆகியவற்றை வெளியிடுகிறது; சிதைந்தபின் உண்டாகும் நுண்துளை நிறைந்த களிமங்கள் (களிமண் கனிமங்கள்) நீரையும் மக்கையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

முன்பே நான் குறிப்பிட்ட நிபந்தனைகள் இங்கேதான் வருகின்றன. சாம்பலில் தழைச்சத்து கிடையாது. அதைக் காற்றிலிருந்து பிடித்துத் தரும் உயிரிகள் வந்தாக வேண்டும். சாம்பல் தரும் மணிச்சத்தைச் சாம்பலிலிருந்து பிறந்த அதே களிமங்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், ஆய்வகச் சோதனையில் நிறைய இருப்பதாகக் காட்டினாலும் பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். தோட்டக்காரர்களிடம் இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. ஜாவா எரிமலைகள் பெரும்பாலும் கக்குவது சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த வகை. சுமத்ராவின் டோபா எரிமலையில் நிகழ்ந்தது போன்ற பெருவெடிப்பு உமிழ்ந்தது மணற்சத்தான சிலிக்கா மிகுந்த, சத்துக் குறைந்த வகை. விழுந்த அன்றே சாம்பல் உரமாவதும் இல்லை. 2014 பிப்ரவரியில் கிழக்கு ஜாவாவின் கெலுட் வெடித்தபோது சாம்பல் தொலைவிலுள்ள யோக்யகர்த்தா வரை போய்க் கூரைகளிலும் பயிர்களிலும் படிந்தது. அப்படிப் படியும் புதுச் சாம்பல் மழையில் நனைந்து இறுகினால் நீர் உள்ளே இறங்காது. இலையில் ஒட்டிக்கொண்டால் பயிர் கருகும். உழுது கலந்து, சில பருவம் கழிந்த பிறகே பலன் தெரியும். உண்மையில் ஜாவாவின் வயல்களுக்கு வளம் வானத்திலிருந்து விழுவதைவிட வாய்க்கால் வழியாக வருவதே அதிகம். பிராந்தாஸ் போன்ற ஆறுகள் மலைச்சரிவிலிருந்து புதுக் கனிமத்தைக் கரைத்தும் வண்டலாகச் சுமந்தும் கொண்டுவந்து ஒவ்வொரு பாசனத்திலும் நெல்லுக்குக் கொடுக்கின்றன. கெலுட் மலைப்பக்கம் அந்த நீர் கொலைகாரனாகவும் வந்திருக்கிறது. 1919இல் எரிமலை வாயிலுள்ள பள்ளத்து ஏரி உடைந்து இறங்கிய லஹார் எனப்படும் சூடான சாம்பல் சேற்று வெள்ளத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஏரியின் நீர்மட்டத்தைக் குறைக்கச் சுரங்கக் கால்வாய் வெட்டினார்கள்.

இந்த வளம் எங்கே போயிற்று என்பதை எண்களே காட்டும். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே ஜாவாவிலும் அதை ஒட்டிய மதுராவிலும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். டச்சு மண்ணியலறிஞர் மோர், 1938இல் வெளியிட்ட ஆய்வில், டச்சு ஆட்சியில் இருந்த தீவுகளில் மக்கள் நெருக்கம் எங்கே மிகுகிறது என்பதையும் இளமையான, காரச்சத்து மிகுந்த எரிமலை மண் எங்கே இருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டும் பெருமளவு ஒன்றியிருந்தன. 2020 கணக்கெடுப்பில் ஜாவாவில் 15 கோடிக்கு மேல். அதைப்போல நான்கு மடங்கு பரப்புள்ள கலிமந்தானில் 1 கோடியே 66 லட்சம். ஆட்சி, வணிகம், துறைமுகம் என்று வேறு காரணங்களும் உண்டு; மண் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொன்னால் அது மண்ணியலாளனின் செருக்கு. ஆயினும் ஜாவாவின் தாழ்நிலக் காடு ஏறத்தாழ முழுவதும் போனதற்கும், அங்கே வாழ்ந்த புலியினம் இருபதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போனதற்கும் அந்த வளமான மண் மறைமுகக் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்று ஜாவாவில் மிஞ்சியிருக்கும் நல்ல காடுகள் கெடே-பங்ராங்கோ, ஹலிமுன்-சாலக் போன்ற எரிமலைகளின் மேற்சரிவுகளில் இருக்கின்றன. அவை அங்கே நிற்பதற்குக் காரணம் சரிவு, குளிர், நீர்ப்பிடிப்புக்காக அரசு விதித்த காப்பு. கெடேயில் ஏறிப் போனால் ரசமாலா மரங்கள் உயர்ந்த காட்டைக் கடந்து, பாசி போர்த்த குட்டை மரங்களுக்குள் நுழைந்து, இறுதியில் கந்தகப் புகை படும் பள்ளத்து விளிம்பில் சந்திகி என்னும் சிவந்த தளிருள்ள புதர் மட்டும் நிற்பதைக் காணலாம். அந்தப் புகையைத் தாங்கும் மரவகைகள் மிகச் சில.

வளமான எரிமலை மண்ணின் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. வட சுமத்ராவின் டெலி சமவெளி, மலைத்தொடரின் எரிமலைப் பொருள் ஆறுகளால் அடித்துவரப்பட்டுப் படிந்த நிலம். 1860களில் டச்சுக்காரர்கள் அங்கே காட்டை வெட்டிப் புகையிலை பயிரிடத் தொடங்கியபோது வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் தமிழரும் இருந்தார்கள். மேடான் நகரில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது.

பசுமையைப் பார்த்து மண்ணை மதிப்பிடும் பிழைக்கு ஒரு நாடே விலை கொடுத்த நிகழ்வையும் சொல்ல வேண்டும். 1996இல் சுகார்த்தோ அரசு மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல்வயலாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. ஜாவாவிலிருந்து உழவர்களைக் குடியேற்றி, ஜாவாவில் விளைவதுபோல் விளைவிக்கலாம் என்பது எண்ணம். அங்கே இருந்தது மண்ணே அன்று. மக்காத மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பல மீட்டர் ஆழத்துக்குக் குவிந்த பீட் நிலம். அதை வடிக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை. வடிந்த பீட் உலர்ந்தது. 1997இன் எல் நினோ வறட்சியில் தீப்பிடித்து மாதக்கணக்கில் புகைந்தது. திட்டம் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது, வெட்டிய கால்வாய்கள் அப்படியே விடப்பட்டன. 2015இல் மீண்டும் வறட்சி வந்தபோது நாடு முழுவதும் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததில் இத்தகைய வடிக்கப்பட்ட நிலங்களுக்குப் பெரும் பங்கு இருந்தது. ஏழை மண் காட்டைக் காக்கும் என்ற பழைய விதியும் இப்போது உடைந்துவிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் சொன்னது அரைகுறை. எண்ணெய்ப் பனைக்கும் காகிதக்கூழ் மரங்களுக்கும் மூட்டை மூட்டையாக உரம் போட முடிந்த நாளிலிருந்து, கிழக்குச் சுமத்ராவின் ஏழை மண்ணும் கலிமந்தானின் ஏழை மண்ணும் காட்டுக்கு அரணாக இருக்கவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வெடிப்பு காட்டை அழிக்குமா என்றால், அருகில் இருப்பதை அழிக்கும். 2010 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்திய ஜாவாவின் மெராபி வெடித்தபோது பாறைத்துகளும் கொதிக்கும் வாயுவும் கலந்த மேகம் கெண்டோல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 15 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தது. 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையின் காவலராக யோக்யகர்த்தா சுல்தானால் அமர்த்தப்பட்டிருந்த மரிஜான் என்ற முதியவர், ஊரைவிட்டு இறங்க மறுத்து அங்கேயே இறந்தது உலகெங்கும் செய்தியானது. தெற்குச் சரிவில் இருந்த காடு கருகிச் சாய்ந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் துறைக்கு நெருக்கமானது. கருகிய சரிவின் பெரும் பகுதியில் முந்திக்கொண்டு வந்தது அந்த மலையின் சொந்த மரம் அன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அகேசியா டெக்கரன்ஸ். நீலகிரியில் சீகை மரம் என்று நாம் அழைக்கும் வாட்டில் வகைகளுள் ஒன்று அது. அதன் விதையின் கெட்டித் தோல் சூட்டில் உடைந்து முளைக்கும். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும். சாம்பலில் இல்லாத ஒரே பேரூட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மரம் புதுச் சாம்பலில் வெல்வது வியப்பில்லை. அடர்ந்து வளர்ந்ததால் பார்ப்பவர்களுக்குக் காடு திரும்பிவிட்டது போலத் தோன்றும். முன்பிருந்த காடு அது அன்று.

மூன்றாவது கேள்விக்கு விடை தேட ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள கிரக்கத்தோவாவைவிட நல்ல இடம் இல்லை. 1883 ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் அது வெடித்து, பெரும்பாலும் ஆழிப்பேரலைகளால் 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீவில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள் போயிற்று. மிஞ்சிய ரக்காத்தாவையும் அருகிலிருந்த இரண்டு தீவுகளையும் பல பத்து மீட்டர் கனத்துக்குச் சாம்பலும் நுரைக்கல்லும் மூடின. ஒன்பது மாதம் கழித்து, 1884 மே மாதம் சென்ற பிரெஞ்சுக் குழுவின் கொத்தோ என்பவர் தேடிக் கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த மிகச் சிறிய சிலந்தி ஒன்று. 1886இல் போகோர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் டிரய்ப் சென்றபோது சாம்பலின் மேல் நீலப்பச்சைப் பாசிப் படலமும், உள்நிலத்தில் பெரணிகளும், கரையில் கடல் கொண்டுவந்த சில செடிகளும் இருந்தன. அந்தக் கரைச்செடிகள் நமக்குத் தெரியாதவை அல்ல; அடும்பு, சவுக்கு, நாட்டு வாதுமை, புன்னை என்று அடுத்த ஆண்டுகளில் அங்கே பதிவானவை சோழமண்டலக் கரையிலும் நிற்பவையே. நூற்றாண்டு முடியும்போது உள்நிலத்தைப் புல் மூடியிருந்தது. பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் வயிற்றில் சுமந்து வந்த அத்தி இனங்கள் புல்லுக்கிடையே எழுந்து, 1930 வாக்கில் தீவு பெரும்பாலும் காடாகிவிட்டது. ஆக, மரங்கள் கூடி நிழல் மூட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்.

இதில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துக் கொள்ளுங்கள். வரிசை, அதாவது பாசி, பெரணி, புல், காடு என்பது நேரில் பார்த்துப் பதிவானது, ஐயமில்லை. ஆனால் 1883இல் தீவில் ஒரு வேர்கூட, ஒரு விதைகூட மிஞ்சவில்லை என்பது நிறுவப்பட்டதன்று. ஜாவாவின் தாவரங்களை நன்கறிந்த பாக்கர் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1929இல் இதைக் கடுமையாக மறுத்தார்: முதல் மூன்று ஆண்டில் தீவை யாரும் முழுமையாகத் தேடவில்லை, மேற்சரிவுகளில் ஏதேனும் பிழைத்திருக்கக் கூடாதா என்பது அவர் வாதம். பெரும்பாலான அறிஞர்கள் எல்லாம் அழிந்தது என்ற பக்கமே நின்றார்கள். என் கருத்தும் அதுவே, அந்தக் கனத்துக்குச் சூடான படிவின் கீழ் எதுவும் பிழைத்திருக்கும் என்று என்னால் எண்ண முடியவில்லை. ஆனால் அது ஊகம். பாக்கரின் கேள்விக்கு இனி விடை கிடைக்க வழியில்லை. மற்றொரு புதிரும் உண்டு. ரக்காத்தாவில் நம் கடம்பின் உறவான நியோநாக்ளியா மரம் ஆட்சி செய்கிறது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள மற்ற இரு தீவுகளில் வேறு மரங்கள் முன்னிற்கின்றன. எது முதலில் வந்து சேர்ந்தது என்ற தற்செயலா, 1927 முதல் நடுக்கடலில் எழுந்துவரும் அனாக் கிரக்கத்தோவா அந்த இரு தீவுகளின் மேல் அவ்வப்போது சாம்பலைக் கொட்டுவதா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. 2018 டிசம்பர் 22 அன்று அந்த இளைய எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து 400க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஆழிப்பேரலையை எழுப்பியபோது, அதன் மேலிருந்த செடிகொடிகளும் அழிந்து கணக்கு மறுபடி தொடக்கத்துக்கு வந்தது. நூறாண்டு கடந்தும் ரக்காத்தாவின் காடு இனவளத்தில் ஜாவா, சுமத்ராக் காடுகளுக்கு ஈடாகவில்லை. காற்றும் பறவையும் சுமக்க முடியாத கனமான விதைகளைக் கொண்ட மரங்கள் கடலைக் கடக்கவில்லை.

எனவே எத்தனை ஆண்டு என்பதற்கு ஒரே எண் கிடையாது. பக்கத்தில் பழைய காடு நின்று, சாம்பல் சில விரல் கனமே விழுந்திருந்தால் ஓரிரு ஆண்டுகளில் தளிர்க்கும், மரங்கள் சாவதுகூட இல்லை. எல்லாம் மூடப்பட்ட நிலமாகவோ தீவாகவோ இருந்தால் நிழல் மூட அரை நூற்றாண்டு, முன்பிருந்த இனவளம் திரும்ப நூற்றாண்டுகள். உறைந்த எரிமலைக்குழம்பு கெட்டிப் பாறையாகக் கிடக்கும் இடம் சாம்பல் நிலத்தைவிட மெதுவாகவே பசுமை கொள்ளும்.

எரிமலை காட்டுக்கு நன்மை செய்த இடமே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அந்த நன்மை சாம்பல் உரத்தால் வந்ததன்று. ஜாவாவின் மேற்கு முனையான உஜுங் குலோனில் 1883க்கு முன் கடலோரக் கிராமங்கள் இருந்தன. கிரக்கத்தோவாவின் அலைகள் அவற்றைத் துடைத்துப் போயின. மக்கள் திரும்பிக் குடியேறவில்லை. ஜாவாவின் மற்ற எல்லாத் தாழ்நிலமும் வயலாகிக்கொண்டிருந்த காலத்தில் அந்த ஒரு மூலையில் மட்டும் காடு வளர்ந்தது. உலகில் எஞ்சியிருக்கும் நூறுக்கும் குறைவான ஜாவாக் காண்டாமிருகங்கள் இன்று அங்கே மட்டும்தான் இருக்கின்றன. மனிதன் வெளியேறியதே அக்காட்டுக்குக் கிடைத்த உரம்.

இதைவிடப் பெரிய வெடிப்புகளைப் பற்றிப் பேசும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா வெடித்து உண்டான பள்ளமே இன்று 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரியாக இருக்கிறது. அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரம் வரை வந்து படிந்திருப்பது உறுதி. அந்த வெடிப்பு உலகைக் குளிர்வித்து மனித இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது, இந்தியாவின் காடுகளைப் புல்வெளியாக்கியது என்று எழுதுவதையெல்லாம் உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜுவாலாபுரத்தில் சாம்பலுக்கு மேலும் கீழும் கிடைத்த கற்கருவிகள் ஒரே மரபைச் சேர்ந்தவையாகத் தோன்றுவதும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் படிவுகளில் பெருங்குளிர்ச்சிக்கான தடம் தெளிவாக இல்லாததும் அதற்கு எதிராக நிற்கின்றன. டோபா ஏரிக்குத் தெற்கே பாதாங் தோரு காட்டில், 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட தபனூலி ஒராங்குட்டான் இன்றும் வாழ்கிறது. மரத்தைவிட்டு இறங்க விரும்பாத குரங்கு அது. அதன் முன்னோர்க்கு அடைக்கலம் தரச் சுமத்ராவில் எங்கோ காடு மிஞ்சியிருக்க வேண்டும் என்பது நியாயமான ஊகம். எண்ணூறுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் அவ்வினத்துக்கு இப்போதுள்ள அச்சம் எரிமலையால் வருவதன்று. சாலை, சுரங்கம், அணைக்கட்டு ஆகியவற்றால் வருவது.

கடைசிக் கேள்வி, இந்தியாவில் இப்படி ஓரிடம் உண்டா என்பது. உண்டு. சுமத்ராவின் எரிமலை வரிசை கடலுக்கடியில் வடக்கே தொடர்ந்து அந்தமான் கடலில் பேரன் தீவாகத் தலைநீட்டுகிறது. முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து 135 கிலோமீட்டர் அளவில் வடகிழக்கே இருக்கும் அது, இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலை. 1787இல் அது புகைந்தது பதிவாகியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் நெடுங்காலம் ஓய்ந்திருந்து 1991இல் மறுபடி வெடித்தது, அதன்பின் அவ்வப்போது உமிழ்ந்து வருகிறது. பழைய பள்ளச்சுவரின் வெளிச்சரிவில் மரங்களும் உட்புறத்தில் வெறும் கரும்பாறையும் சாம்பலுமாக, நான் மேலே சொன்ன இரண்டு நிலைகளும் மூன்று கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன. தீவில் இறங்குவதற்குப் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. படகிலிருந்து பார்த்துவரலாம், அதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும் என்பதால் போகும் முன் அந்தமான் நிர்வாகத்தின் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.